தீராத வயிற்று வலி

ஹவுஸ் சர்ஜன் பயிற்சியின் கடைசி மூன்று மாதத்துக்கு மகள் சரோஜா திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்த அன்று, கோதண்டராமன் வீட்டு வாசலில் ஒரு பலகை மாட்டினார். நீலத்தில் வெள்ளை எழுத்து. 'டாக்டர் கோ. சரோஜா, எம்.பி.பி.எஸ்.' என்பதற்குக் கீழே ஒரு சாண் இடத்தை வேண்டுமென்றே காலியாக விடச் சொல்லியிருந்தார்.

"கீழ மொட்டையா கீதே ஐயா, ஒரு பூவாவது போடட்டா?" என்றான் பெயின்டர்.

"அங்க இன்னொரு பட்டம் வரப்போவுது. பூ போட்டா அப்புறம் அழிக்கணும்."

என்ன பட்டம் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. பெண் டாக்டர் என்றால் பிரசவ டாக்டர். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு இந்தப் பக்கம் மனை வாங்கிச் சுற்றுச்சுவரும் எழுப்பியாயிற்று. அங்கே பிரசவ ஆஸ்பத்திரி வரும். பரம்பரையாகக் கையில் இருந்த மரியாதையை அரசாங்கம் பிடுங்கிக்கொண்ட பிறகு, குடும்பத்தின் பெயர் நிற்க ஒரு இடம் வேண்டாமா?

கீழ்பென்னாத்தூர் பக்கம் நெடுங்கல்பட்டு என்றால் முன்சீப் வீடு என்றுதான் சொல்வார்கள். தாத்தா முன்சீப், அப்பா முன்சீப், இவர் முப்பத்திரண்டு வருஷம் முன்சீப். வரி வசூல் அவர் கையில். ஊரில் எவன் பிறந்தாலும் எவன் செத்தாலும் பதிவேட்டில் எழுதுவது அவர் கை. ஒரு சாவில் சந்தேகம் இருந்தால் போலீசுக்கு முதல் எழுத்து எழுதி அனுப்புவதும் அவர்தான். அவர் பேனா தொட்டால்தான் நெடுங்கல்பட்டில் பிறந்தவன் பிறந்தவன், செத்தவன் செத்தவன். எண்பதாம் வருஷம் ஒரே உத்தரவில் பரம்பரை முன்சீப், கர்ணம் எல்லாம் போயிற்று. பதவி இல்லாமல் அந்தத் தெருவில் நடக்க அவருக்குக் கால் வரவில்லை. குடும்பத்தோடு திருவண்ணாமலைக்கு வந்து, பே கோபுரத் தெருவில் வீடு பிடித்தார். ஆனால் ஊர் அவரை விடவில்லை. பாகத் தகராறானாலும் பெண் பார்ப்பதானாலும் பஸ் ஏறி வந்து, "முன்சீப் ஐயா கீறாங்களா?" என்று வாசலில் நின்றார்கள். அது அவருக்கு வேண்டியும் இருந்தது.

சரோஜா மனசில் வேறு இருந்தது. வந்த முதல் வாரமே, சாப்பிட உட்கார்ந்தபோது சொல்லிவிட்டாள்.

"நான் சர்ஜரிக்குத்தான் போடப்போறேன், நைனா."

"பொம்பளைக்கு இன்னாத்துக்குக் கத்தி?"

"பிரசவத்துலயும் கத்தி உண்டு."

"அது வேற. அது உயிரை எடுத்துக் கையில குடுக்கற கத்தி."

சரோஜா சிரித்தாள். "எங்க பேட்ச்சுல ஒருத்தி கண்ணு, ஒருத்தி தோலு, மீதி ஏழு பேரும் பிரசவம். சர்ஜரிக்கு நான் ஒருத்திதான். எங்க புரொபசர், 'வளையலோட எப்படிம்மா கிளவுஸ் மாட்டுவ'ன்னாரு. கழட்டி உங்ககிட்ட குடுத்துட்டு மாட்டுவேன் சார்னேன்."

மணியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கோதண்டராமன் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு நின்றது.

"இந்தப் பிடிவாதம் எதுக்குன்னு கேக்கறேன்."

"உங்களுக்குத் தெரியாதா நைனா? அக்காவுக்காகத்தான். வயித்து வலின்னு துடிச்சாளே. அன்னிக்கு வயித்தைத் தொறந்து பாக்க ஒரு சர்ஜன் கையில கெடைச்சிருந்தா அவ இன்னிக்கு இருந்திருப்பா. மனைக்குப் பேரு வெக்கறீங்களே, அக்கா பேரையே வெச்சுடுங்க. பச்சையம்மாள் ஆஸ்பத்திரி."

அவர் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டார். குழம்பு இன்னும் ஊற்றவே இல்லை என்பதை மணியம்மாள் பார்த்தாள்.

பச்சையம்மாளுக்கு வயிற்று வலி இல்லை. அது அந்த வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும். மூத்த மகளை வேலூர்ப் பக்கம் ஒரு பெரிய இடத்தில் கொடுத்திருந்தார். கல்யாணமான இரண்டு வருஷத்தில் அவள் மூன்று தடவை பெட்டியும் கையுமாக வந்துவிட்டாள். முதல் தடவையும் இரண்டாம் தடவையும் கோதண்டராமனே கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு, சம்பந்தி வீட்டில் விருந்தும் சாப்பிட்டு வந்தார். வாழாவெட்டி என்ற சொல் அந்தப் பரம்பரையில் ஒரு பெண் மேலும் விழுந்தது கிடையாது. மூன்றாம் தடவை, "வெள்ளிக்கிழமை நல்ல நாள், கொண்டுபோய் விடறேன்" என்றார். வெள்ளிக்கிழமை விடிந்தபோது அவள் மோட்டார் கொட்டகையில் நிலக்கடலைக்கு அடிக்க வைத்திருந்த பூச்சி மருந்தைக் குடித்திருந்தாள். எழுபத்தியொன்றாம் வருஷம் அது. சரோஜாவுக்குப் பன்னிரண்டு வயது. திருவண்ணாமலையில் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் எரித்தாயிற்று. மரணப் பதிவேட்டில், காரணம் என்ற கட்டத்தில், கோதண்டராமன் தன் கையாலேயே எழுதினார்: தீராத வயிற்று வலி. போலீசுக்கு எழுத்து போகவில்லை.

இல்லாத நோய் ஒன்றுக்கு மருந்து தேடித்தான் இந்தப் பெண் டாக்டராகியிருந்தாள்.

முதல் மாதம் அவளுக்குப் பிரசவ வார்டு. ஒவ்வொரு நாளும் எத்தனை குழந்தை தலை வழியாக வந்தது, எத்தனை கால் வழியாக வந்தது என்று கணக்காகச் சொல்வாள், அலுத்துக்கொள்வாள். இரண்டாம் மாதம் சர்ஜரி. ஒருநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"நைனா! இன்னிக்கு நானே பண்ணேன். பெரிய டாக்டர் பக்கத்துல நின்னாரு, கத்தி என் கையில. குடல்வால். பதினாறு வயசுப் பொண்ணு. இவ்ளோதான் நைனா இருந்துச்சு." சுண்டு விரலின் பாதியைக் காட்டினாள். "அழுகி, வெடிக்கற மாதிரி. எடுத்து டிரேயில வெச்சாங்க. இத்தினிக்கு ஒண்ணு அக்காவைக் கொன்னுட்டுதேன்னு பாத்துக்கினே நின்னேன்."

"சரி, சரி. கை கழுவு" என்றார் அவர். அன்று மாலை கோயிலில் வழக்கத்துக்கு மேல் மூன்று சுற்று சுற்றினார். பொய் சொன்னோம் என்று அவர் நினைக்கவில்லை. குடும்பத்தை மூடிப் பாதுகாத்தோம் என்றுதான் நினைத்தார். ஆனால் போர்த்திய துணிக்குள்ளே இந்தப் பெண் இப்படிக் கையை விட்டுத் துழாவுவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

மூன்றாம் மாதம் அவசர சிகிச்சைப் பிரிவு. அதோடு இன்னொரு வேலையும் ஒட்டிக்கொண்டு வந்தது. பெண் பிரேதம் வந்தால் பெண் டாக்டர் ஒருத்தி கூட நிற்கவேண்டும் என்று டாக்டர் சக்கரவர்த்தி அவளைப் பிணவறைக்குக் கூப்பிட்டார். அவர் பிரேதப் பரிசோதனை பார்க்கிறவர், தமாஷ்காரர்.

"எந்த ஸ்பெஷாலிட்டி எடுக்கலாம்னு யோசிக்கறியாம்மா? இதை எடு. எந்த பேஷண்டும் ராத்திரி வந்து கதவைத் தட்ட மாட்டான். தட்டினா நாம ஊரை விட்டே ஓடிரலாம்."

சரோஜா இதையும் வீட்டில் சொன்னாள். கோதண்டராமனுக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்து நாள் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை. காலைப் பலகாரம் முடிந்து அவர் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். மணியம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சரோஜா எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நைனா, நீங்க முன்சீப்பா இருந்தவரு. ஒரு சந்தேகம். பிரேதத்தோட போலீஸ் ஒரு பேப்பர் அனுப்புது இல்ல, பஞ்சாயத்தார் அஞ்சு பேரு கையெழுத்துப் போட்டு? இந்த மாசம் தற்கொலைன்னு நாலு பொம்பளைங்க வந்தாங்க. நாலு பேப்பர்லயும் 'தீராத வயிற்று வலியால் மனமுடைந்து'ன்னு எழுதியிருக்குது. நாலு பேருக்கும் குடல்வாலைப் பாத்தேன், பித்தப்பையைப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல, கண்ணாடி மாதிரி. பிணவறை சுப்பன் என்னைப் பாத்துச் சிரிக்கறாரு. 'இன்னாத்தம்மா தேடற? அது வயித்துல இல்ல, பேப்பர்லதான் இருக்குது'ன்றாரு. ஏன் நைனா அப்படி எழுதறாங்க?"

மணியம்மாளின் கை கீரையில் நின்றது. கணவர் பேச்சை மாற்றிவிடுவார் என்று எதிர்பார்த்தாள். மாற்றியிருக்கலாம். ஆனால் கேட்டது அவருடைய தொழிலைப் பற்றி. படித்த மகள், டாக்டர் மகள், முதல் தடவையாக முன்சீப் வேலையில் ஒரு விளக்கம் கேட்கிறாள். இரண்டு வருஷமாக யாரும் அதைக் கேட்கவில்லை. அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது ஒரு மரியாதைம்மா. சட்டம் படிச்சவனுக்குத் தெரியாது, ஊரை ஆண்டவனுக்குத்தான் தெரியும். மனசு ஒடிஞ்சி செத்தான்னு மட்டும் எழுதினா, ஏன் ஒடிஞ்சிதுன்னு நாலு பேரு கேப்பான். புருஷன் வீட்டைக் கேப்பான், அப்பன் வீட்டைக் கேப்பான். தங்கச்சிக்கு வந்த சம்பந்தம் திரும்பிப் போயிடும். வயித்து வலின்னு எழுதிட்டா ஒருத்தனும் வாயைத் தொறக்க மாட்டான். செத்தவளுக்கும் அவமானம் இல்ல, இருக்கறவனுக்கும் அவமானம் இல்ல." அவர் வலது கையை உயர்த்திக் காட்டினார். "முப்பத்திரண்டு வருஷத்துல இந்தக் கை எத்தினி குடும்பத்தைக் காப்பாத்தியிருக்குது தெரியுமா?"

சொல்லி முடித்த பிறகுதான் மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. உயர்த்திய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்காவுக்கும் மரியாதைதானா நைனா?"

கை தானாக இறங்கியது.

"சொல்லித் தொலைங்க" என்றாள் மணியம்மாள். கல்யாணமான முப்பத்தைந்து வருஷத்தில் அவரிடம் அவள் அப்படிப் பேசியதில்லை. "பதினோரு வருஷமா என் தொண்டையில நிக்குது. நீங்களே சொல்லுங்க. இல்லாட்டி நான் சொல்றேன்."

சரோஜா அழவில்லை. அழுதிருந்தால் அவர் தேற்றியிருப்பார். நோயாளியைக் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டாள். தாசில்தார் முன்னால் நிற்கும் தலையாரி மாதிரி அவர் பதில் சொன்னார்.

"எத்தினி மணிக்குக் குடிச்சா?"

"அஞ்சு இருக்கும். பால் கறக்கற நேரம்."

"இன்னா மருந்து?"

"மல்லாட்டைக்கு அடிக்கறது."

"வாந்தி?"

"எடுத்தா."

"வாயில நுரை?"

"வந்துச்சு."

"பேசினாளா?"

"பேசினா" என்றார். "அங்க மட்டும் அனுப்பாதீங்க நைனான்னா."

"எத்தினி மணிக்கு உயிர் போச்சு?"

"பதினொண்ணு."

"ஆறு மணி நேரம்" என்றாள் சரோஜா. "நெடுங்கல்பட்டுல இருந்து இந்த ஆஸ்பத்திரிக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

"அப்போ ரோடு சரியில்லம்மா. மழை வேற..."

"எவ்ளோ நேரம் நைனா?"

"முக்கால் மணி."

"வண்டி இல்லன்னு சொல்லிடாதீங்க" என்றாள் மணியம்மாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. "மல்லாட்டை மண்டி ஜியாவுல்லா சாயபு லாரியைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்தினாரு. 'ஏத்துங்க முன்சீப்பே, நானே ஓட்டறேன்'னு அழுதாரு மனுஷன். இவருதான், வயித்து வலிதான் சாயபே, கஷாயம் குடுத்திருக்குது, நீங்க போங்கன்னு அனுப்பிட்டாரு."

"ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ்" என்றார் கோதண்டராமன். அவர் குரல் அவருக்கே யாரோ பேசுவதுபோல இருந்தது. "எழுத்து எழுத வேண்டிய முன்சீப் வீட்டுலயே கேஸ். உனக்கு நாளைக்கு ஒரு கல்யாணம் ஆவணும்..."

"அதுக்கு ஊசி இருக்குது நைனா. அப்பவும் இருந்துச்சு. வாயில நீர் வத்தற வரைக்கும் போட்டுக்கினே இருக்கணும், அவ்ளோதான். முந்தாநாள் ரெண்டு பேருக்குப் போட்டேன். ஒருத்தன் எழுந்து உக்காந்துக்கினு, காபியில சக்கரை கம்மின்னு ஆயாகூடச் சண்டை போடறான்."

எழுந்து உள்ளே போனாள். பெட்டியோடு வந்தாள். அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு வந்தாள். சமையலறையில் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். போகும்போது கூடத்துக்கு வந்து ஒரு தாளை அவர் முன்னால் வைத்தாள். மேல்படிப்பு விண்ணப்பம். விருப்பப் பாடம் என்ற இடத்தில் மூன்று வரி இருந்தது. முதல் வரியில் சட்ட மருத்துவம் என்று எழுதியிருந்தாள். மற்ற இரண்டு வரியிலும் கோடு கிழித்திருந்தாள்.

"பொணம் அறுக்கறதா?" என்றார் அவர். கோபம் வந்ததும் பழைய குரலும் வந்தது. "நம்ம பரம்பரை இன்னா, நீ இன்னா பேசற? உனக்கு வேலூர்ல இருந்து வந்திருக்கற சம்பந்தம் இதைக் கேட்டா ஒரு நாள் நிக்குமா? சர்ஜரின்னு சொன்னியே, அதையே படி. நான் குறுக்க நிக்கல. என்மேல கோவம்னா என்னை ரெண்டு வார்த்தை திட்டு. உன் வாழ்க்கையை ஏன் பொண ரூம்புல போடற?"

"கோவம் இல்ல நைனா. அஞ்சு வருஷமா எந்த வயித்தைத் தொறந்தாலும் அக்கா வயித்தைத் தொறக்கறதா நெனைச்சேன். அங்க ஒண்ணும் இல்லன்னு ஆயிடுச்சு. ஆபரேஷனுக்கு டாக்டருங்க வருவாங்க. நீங்க எழுதினதை ரெண்டாவது தரம் படிச்சுப் பாக்க ஒருத்தர் வேணாமா?"

வேலூர் சம்பந்தம் ஒரு வாரத்தில் திரும்பிப் போயிற்று. எந்த வாயை அடைக்கப் பெரிய மகளைச் சாகவிட்டாரோ, அந்த வாய் இப்போது சின்ன மகளைப் பற்றிப் பேசியது. கோதண்டராமன் ஏணி போட்டு ஏறி, வாசல் பலகையை அவரே கழற்றி, அரிசி மூட்டைக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்.

பயிற்சி முடிய ஐந்து நாள் இருந்தபோது தங்கம்மாள் வந்தாள்.

தினமும் காலை ஆறரைக்குக் கோயிலுக்குப் போய் எட்டு மணிக்குத் திரும்புவது அவர் வழக்கம். அன்று ஏழேகாலுக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றும் வேன் ஒன்று வாசலில் வந்து நின்றது. நெடுங்கல்பட்டு சின்னசாமி இறங்கினான். நாலு ஏக்கர் பயிர் வைக்கிறவன், இரண்டு பெண்களைப் பெற்றவன்.

"முன்சீப் ஐயா இருக்காங்களாம்மா?"

"கோயிலுக்குப் போயிருக்காரு. வண்டியில யாரு?"

"பெரியவ தங்கம்மாம்மா. வயித்து வலி."

மணியம்மாள் வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். சாக்கின் மேல் ஒரு பெண் சுருண்டு கிடந்தாள். பூச்சி மருந்தின் அந்த வாடையைப் பதினோரு வருஷமாக அவள் மறக்கவில்லை.

"பாவி! தெருமுனை தாண்டி ரெண்டு திருப்பத்துல ஆஸ்பத்திரி கீது. இங்க எதுக்குடா நிக்கற? ஓட்டு!"

"ஐயா வந்துரட்டும்மா" என்றான் சின்னசாமி. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். "ஐயாவைக் கேக்காம எங்க வூட்ல எதுவும் செஞ்சதில்ல. வயித்து வலின்னு ஐயா ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தாருன்னா, புதுசா வந்த கிராம அதிகாரி அதையே பதிஞ்சிப்பாரு. அப்படியே ஊருக்குத் திருப்பிடுவேன்."

டிரைவரும் அவனும் அசையவில்லை. மணியம்மாள் செருப்பு இல்லாமல் கோயிலுக்கு ஓடினாள். அத்தனை பெரிய கோயிலில் அவரைத் தேடிப் பிடிக்கவே அரைமணி ஆயிற்று. இரண்டாம் பிராகாரத்தில், கலையாத விபூதியோடு, கைகூப்பி வந்துகொண்டிருந்தார். மனைவி தலைவிரிகோலமாக ஓடி வருவதைப் பார்த்ததும் அவருக்கு முதலில் வந்தது எரிச்சல்தான்.

"இன்னாடி இது? நாலு பேர் பாக்கறாங்க..."

"வாசல்ல இன்னொரு பச்சையம்மா கிடக்கறா" என்றாள் அவள்.

கோதண்டராமன் ஓடியதை அந்தத் தெரு பார்த்தது கிடையாது. அன்று பார்த்தது. வேனுக்குள் ஏறியவர், "விடுடா ஆஸ்பத்திரிக்கு!" என்று கத்தினார்.

"கேஸ் ஆயிடுங்க ஐயா" என்று சின்னசாமி அவர் காலைப் பிடித்தான். "நான் பாத்து வெச்ச மாப்பிள்ளை வேணாம்னா, ரெண்டு அடி வெச்சேன், மருந்தைக் குடிச்சிட்டா. சின்னவளுக்கு நான் எங்க போய் நிப்பேன்?"

"உயிரோட இருக்குதுடா!"

"அதாங்க ஐயா" என்றான் சின்னசாமி. "இன்னும் கொஞ்ச நேரந்தான்."

அவர் அவனைக் காலால் உதறிவிட்டார். ஆனால் அந்த வார்த்தையை உதற முடியவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால், சாயபுவின் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு உள்ளே வந்தபோது, அதே நினைப்புதான் அவர் மனசிலும் இருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் சரோஜா இருந்தாள். கேள்வி எதுவும் கேட்காமல் குழாயைச் செருகி வயிற்றைக் கழுவினாள். ஊசிமேல் ஊசி போட்டாள். நடுவில் ஒருமுறை தங்கம்மாள் கண்ணைத் திறந்தாள். மூச்சு ஒரே சீராக வந்தது. பத்து மணிக்கு மறுபடி நுரை கட்டியது. பதினொன்று பத்துக்குச் சரோஜா ஊசியைக் கீழே வைத்தாள். டாக்டர் சக்கரவர்த்தி வந்து பார்த்துவிட்டு, "ஒரு முக்கால் மணி முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோதண்டராமனைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மத்தியானம் பிணவறைக்கு வெளியே புங்க மரத்தடியில் ஏட்டு இராமலிங்கம் மேஜை போட்டார். விசாரணைக்கு ஐந்து பஞ்சாயத்தார் வேண்டும். ஊரிலிருந்து நாலு பேர் வந்துவிட்டார்கள். ஐந்தாவதாகக் கோதண்டராமனைப் பார்த்ததும் ஏட்டு எழுந்து நாற்காலியைத் துடைத்தார்.

"ஐயாவே இருக்கறீங்க. அப்போ கவலை இல்ல. வழக்கமானதுதானே ஐயா? உங்க கையாலயே எழுதிடுங்க, நாங்க கீழ கையெழுத்துப் போட்டுடறோம்."

பிரேதத்தை நேரில் பார்த்ததாக அந்தத் தாளில் ஒரு வரி உண்டு. முப்பத்திரண்டு வருஷமும் அதைத் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு, இருபது அடி தள்ளி நின்றுதான் அவர் எழுதியிருக்கிறார். அன்று எழுந்து உள்ளே போனார். சுப்பன் துணியின் ஓரத்தைத் தூக்கினார். பத்தொன்பது வயது முகம். இரண்டு கன்னத்திலும் அடித்த தடம் கறுத்திருந்தது. சரோஜா மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று கிளவுஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். வளையல் சன்னலில் இருந்தது. அவள் நிமிரவில்லை.

வெளியே வந்து எழுதினார். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டவேண்டும் என்பது முறை. படித்தார்: "தகப்பன் அடித்ததால் பூச்சி மருந்து குடித்து..."

"ஐயா!" என்று ஏட்டு மெல்லிய குரலில் தடுத்தார். "எதுக்கு வம்பு? அவனுக்கு இன்னொரு பொண்ணு இருக்குது."

சின்னசாமி மண்ணிலிருந்து எழுந்தான். காலையில் காலைப் பிடித்தவன் இப்போது நேருக்கு நேர் நின்றான்.

"உங்க பொண்ணுக்கு ஒரு எழுத்து, எம்பொண்ணுக்கு ஒரு எழுத்தா? நல்லா இருக்குதுயா உன் நியாயம்! பச்சையம்மாவுக்கு இன்னா வயித்து வலின்னு எங்களுக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா? ஊரே தெரிஞ்சிக்கினு உனக்காக வாயை மூடிக்கினு இருந்தோமேயா! நாங்க உன் மானத்தைக் காப்பாத்தினோம். நீ என் மானத்தை வாங்கறியே!"

நாலு பஞ்சாயத்தாரும் தரையைப் பார்த்தார்கள். பதினோரு வருஷம் மூடி வைத்திருந்ததாக அவர் நினைத்தது, எல்லோர் கையிலும் இருந்திருக்கிறது. எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் அவருக்குக் கும்பிடு போட்டிருக்கிறார்கள்.

பிணவறைக் கதவில் சரோஜா வந்து நின்றாள்.

"குடிச்ச நேரம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்த நேரம், ரெண்டும் எழுதியிருக்குதா ஏட்டையா? எனக்கு அது வேணும்."

ஏட்டு பதில் சொல்வதற்குள் கோதண்டராமன் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நாலு பேர் பார்க்க, நிமிர்ந்த முதுகு நிமிர்ந்தபடி, நிதானமான முன்சீப் எழுத்தில் எழுதினார். எழுதி முடித்து, முறைப்படி அதையும் உரக்கப் படித்தார்.

"காலை ஆறு மணிக்கு மருந்து குடித்தவளை, ஏழேகால் மணிக்குத் திருவண்ணாமலை பே கோபுரத் தெருவில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது உயிர் இருந்தது. மரணக் காரணத்தை நான் மாற்றி எழுதித் தருவேன் என்று நம்பி, எட்டு மணி வரை என் வீட்டு வாசலிலேயே வைத்திருந்தார்கள். இதற்கு முன் நான் அப்படி எழுதித் தந்தது உண்டு."

மற்ற நாலு பேரும் அதன் கீழே கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள். அவர் ஒருவர்தான் போட்டார்.